ஒரு அடித் தண்ணீர்: பெல்ஜியத்தின் பழைய படகு லிஃப்ட்டுகளில் அப்பாவோடு நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழன்

அப்பா கோவையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பிரஸ்ஸல்ஸில் பெரிய சதுக்கம், அரண்மனை, பூங்கா என்று காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டேன். எல்லாவற்றையும் பார்த்து "நல்லாருக்குது கண்ணு" என்பார், சொல்லி முடித்ததும் பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிற கிரேன் பக்கம் பார்வை போய்விடும். முப்பத்தைந்து வருடம் லேத்திலும் பம்ப் அசெம்பிளியிலும் நின்றவர். அவருக்குக் கல்லால் கட்டியதைவிட இரும்பால் செய்ததைத்தான் காட்ட வேண்டும் என்று எனக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் தோன்றியது.

"படகைத் தண்ணித் தொட்டியோட அப்படியே தூக்குற லிஃப்ட் இருக்குதுங்கப்பா. முதல் லிஃப்ட் 1888ல கட்டுனது, இன்னும் நிக்குது" என்றேன்.

"கரண்ட்டா, நீராவியா?"

"ரெண்டும் இல்லீங்க. தண்ணியேதான் தூக்குதாம்."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எப்போது கிளம்பலாம் என்று கேட்டார். அப்படித்தான் இந்த நான்கு நாள் பயணம் முடிவானது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து லா லூவியேருக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இது எனோ மாகாணம், பிரெஞ்சு பேசுகிற பகுதி. மேற்கே மோன்ஸ், கிழக்கே ஷார்லெருவா, இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலக்கரி வட்டாரத்துக்கு 'சாந்த்ர்', அதாவது 'நடு' என்றே பெயர். அதன் வழியாக வெட்டிய கால்வாயும் அதே பெயரில் சாந்த்ர் கால்வாய் ஆகிவிட்டது. ரயில் ஜன்னலில் ஊர் நெருங்க நெருங்கப் பச்சைக்கு நடுவே கூம்பு கூம்பாகக் குன்றுகள் தெரிந்தன, மரமெல்லாம் வளர்ந்து இயற்கையான குன்று போலவே இருந்தன. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவு மண் அது என்று சொன்னதும் அப்பா எழுந்து நின்று பார்த்தார்.

இந்தக் கால்வாயின் கதை புரிய வேண்டும் என்றால் நிலத்தின் மேடு பள்ளத்தைச் சொல்லியாக வேண்டும். மியூஸ் ஆறு ஒரு பக்கம், ஷெல்ட் ஆறு இன்னொரு பக்கம். இரண்டையும் படகுப் பாதையால் இணைத்துவிட்டால் இங்கே தோண்டும் கரியை எந்தப் பக்கமும் மலிவாக அனுப்பலாம். ஆனால் நடுவில் மேடு. மொத்தக் கால்வாய் 20.9 கிலோமீட்டர்தான், ஏற வேண்டிய உயரமோ 89 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மோன்ஸிலிருந்து தியூ என்ற ஊர் வரைக்கும் 14 கிலோமீட்டரில் 23 மீட்டர், அதை ஆறு 'லாக்'குகளால் சமாளித்துவிட்டார்கள் (இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை விட்டு ஏற்றுவதும் வடித்து இறக்குவதும் லாக்). மீதி ஏழே கிலோமீட்டரில் 66 மீட்டர் ஏற வேண்டும். அவ்வளவு ஏற்றத்துக்கு லாக் கட்டினால் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து கட்டிக்கொண்டே போக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். ஒவ்வொரு தடவை லாக்கைத் திறக்கும்போதும் மேலே இருக்கிற தண்ணீர் ஒரு தொட்டி அளவு கீழே போய்விடும், மேட்டின் தலையிலோ அதை ஈடுகட்டப் பெரிய ஆறு எதுவும் கிடையாது.

அதனால்தான் படகு லிஃப்ட்டுக்குப் போனார்கள். வடிவமைத்தவர் எட்வின் கிளார்க் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் ஆண்டர்டனில் 1875இல் திறந்த லிஃப்ட்டுக்குப் பின்னாலும் அவர்தான் இருந்தார். இங்கே நான்கு லிஃப்ட்டுகள். முதலாவது ஊடெங்-கொய்னியில், 15.4 மீட்டர். அடுத்த மூன்றும் ஆளுக்கு 16.93 மீட்டர். இரும்பு வேலை செராங் நகரில் இருந்த காக்கெரில் ஆலையுடையது.

மத்தியானம் முதல் லிஃப்ட்டுக்குப் போனோம். 1888 ஜூன் 4ஆம் தேதி இதை வந்து திறந்துவைத்தவர் இரண்டாம் லியோபோல்டு அரசர். காங்கோ மக்களைக் கசக்கிப் பிழிந்து ரப்பரும் தந்தமும் எடுத்த அதே லியோபோல்டு. அந்தப் பெயரை இங்கே எழுதும்போது இதையும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு லிஃப்ட் அசையவில்லை. 2002 ஜனவரியில் இங்கே ஒரு விபத்து நடந்தது, படகு வெளியேறிக்கொண்டிருக்கும்போதே தொட்டி மேலே கிளம்பிவிட்டது. அதன் பிறகு பல வருடம் இது ஓடாமல் பழுதுபார்ப்பிலேயே கிடந்தது. நின்றிருந்தாலும் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நீளத் தொட்டிகள், ஒன்று மேலே, ஒன்று கீழே, அவற்றைச் சுற்றி ஆணி அடித்த இரும்புச் சட்டங்களால் ஆன கோபுரங்கள். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து மேல் வரை பார்த்தார். அப்புறம் ரிவெட் வரிசை ஒன்றை விரலால் எண்ணிக்கொண்டே நகர்ந்தார். "ஒரு வெல்டிங் கூட இல்ல பாரு" என்றார். அரை மணி நேரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

பழைய கால்வாயின் கரையோரம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன கரை இது. இரண்டு பக்கமும் வரிசையாக மரங்கள், தண்ணீர் அசையவே இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் மெதுவாகத்தான் நடந்தோம், அதுவும் நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் 'இத்தாலியர் கேன்டீன்' என்று இன்றைக்கும் அழைக்கப்படுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் எழுந்த நீளமான தாழ்ந்த கட்டடங்கள். 1946இல் பெல்ஜியமும் இத்தாலியும் ஓர் ஒப்பந்தம் போட்டன: ஐம்பதாயிரம் ஆட்களை இத்தாலி அனுப்பும், பதிலுக்கு பெல்ஜியம் கரி கொடுக்கும். அப்படி வந்தவர்களில் பலர், பக்கத்து உருக்காலைக்கு வேலைக்குப் போனவர்கள், இந்தக் கொட்டகைகளில் தங்கினார்கள். மனிதர்களுக்கு ஈடாகக் கரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பத்தொன்பது வயதில் கிராமத்திலிருந்து கோவைக்கு வந்து எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருந்தவர். "ராத்திரி சோறு யாரு ஆக்கியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்துக்கு வந்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான்.

காலையில் சுற்றுலாப் படகு ஏறினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம், சில வயதான தம்பதிகள், நாங்கள் இரண்டு பேர். படகு கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் கால்வாய் நேராக வானத்தில் போய் முடிகிற மாதிரி இருந்தது. முன்னால் ஒரு கதவு, அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. அதுதான் இரண்டாவது லிஃப்ட், ஊடெங்-எமரியில். இந்தப் பக்கம் கால்வாயின் கதவு, அதை ஒட்டித் தொட்டியின் கதவு. இரண்டும் பழைய தியேட்டர் திரை போல மேல்நோக்கி எழும்பின. படகு உள்ளே போய் நின்றது. தொட்டி 43 மீட்டர் நீளம், 5.8 மீட்டர் அகலம். அந்தக் காலத்து 300 டன் சரக்குப் படகு ஒன்று கச்சிதமாக உட்காருகிற அளவு.

கதவு இறங்கியது. எந்தச் சத்தமும் இல்லை. மோட்டார் உறுமல், சங்கிலிக் கடகடப்பு என்று எதையாவது எதிர்பார்த்துக் காது காத்திருக்கிறது, வருவதோ கதவிடுக்கில் தண்ணீர் ஒழுகுகிற சத்தம் மட்டும். அப்புறம் பக்கத்து மரங்களின் கிளைகள் மேலே போகிற மாதிரித் தெரிந்தது. நாங்கள்தான் இறங்கிக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் பக்கத்துத் தொட்டி, தண்ணீர் தளும்பத் தளும்ப, எங்களைக் கடந்து மேலே போனது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தியதை நான் கவனித்தேன்.

இது வேலை செய்கிற விதத்தை அப்பா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன், வழிகாட்டிப் பெண் சொன்னதைவிட அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஒவ்வொரு தொட்டிக்கும் நடு வயிற்றில் ஒரே ஒரு தூண். இரண்டு மீட்டர் விட்டம். அந்தத் தூண்தான் பிஸ்டன், அதற்குக் கீழே பூமிக்குள் அதன் சிலிண்டர். தொட்டியும் தண்ணீரும் சேர்ந்து ஆயிரம் டன்னைத் தாண்டும், அத்தனை பாரமும் அந்த ஒற்றைத் தூணின் தலையில். இரண்டு சிலிண்டர்களையும் ஒரு குழாய் இணைக்கிறது, நடுவில் ஒரு வால்வு. இரண்டு பக்கமும் சம பாரம் என்றால் தராசு மாதிரி அப்படியே நிற்கும். இப்போது மேலே இருக்கிற தொட்டியை மேல் கால்வாயின் மட்டத்துக்குச் சரியாக நிறுத்தாமல் ஓர் அடி தாழ்வாக நிறுத்துகிறார்கள். கதவைத் திறந்ததும் அந்தத் தொட்டிக்குள் ஓர் அடித் தண்ணீர், அதாவது 30 சென்டிமீட்டர், அதிகமாக வந்து சேர்ந்துகொள்கிறது. கதவை மூடி வால்வைத் திறந்தால் மேல் தொட்டி தன் கனத்தால் இறங்குகிறது, தன் சிலிண்டரிலிருக்கிற தண்ணீரைக் குழாய் வழியாக அடுத்த சிலிண்டருக்குள் தள்ளுகிறது, அந்தத் தொட்டி ஏறுகிறது. கீழே போனதும் அந்த ஓர் அடித் தண்ணீரைக் கீழ்க் கால்வாயில் விட்டுவிட வேண்டியது. அவ்வளவுதான். 43 பெருக்கல் 5.8 பெருக்கல் 0.3, கிட்டத்தட்ட 75 கன மீட்டர், 75 டன். அப்பா இதைப் படகு டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலில் போட்டுக் காட்டினார்.

"ஆயிரம் டன்னைத் தூக்க ஆயிரம் டன் பலம் வேண்டியதில்ல கண்ணு. இன்னொரு ஆயிரம் டன்ன எதிர்ல வெச்சுட்டா, மிச்சம் ஒரு கை போதும்."

அவர் சின்ன வயதில் அவர்கள் தோட்டத்தில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்களாம். மாடுகள் சரிவில் இறங்கும், கிணற்றிலிருந்து சால் மேலே வரும். மேட்டில் இழுக்கச் சொன்னால் மாடு அரை நாளில் படுத்துவிடும், இறக்கத்தில் இழுக்க விட்டதால் அதன் உடம்புக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும் என்றார். "இங்க மாட்டுக்குப் பதிலா ஒரு அடித் தண்ணி எறங்குது."

இன்னொன்றையும் சொன்னார், அதை நான் யோசித்ததே இல்லை. தொட்டிக்குள் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாரம் ஒன்றுதான். படகு எவ்வளவு கனமோ அவ்வளவு தண்ணீரை அது வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. 300 டன் கரி ஏற்றிய படகு ஒரு தொட்டியில், படகே இல்லாமல் தண்ணீர் மட்டும் இருக்கிற தொட்டி இன்னொன்று, இரண்டும் சமம். இதனால்தான் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்ற கணக்கே இல்லாமல் இந்த ஏற்பாடு ஓடுகிறது.

மூன்றாவது லிஃப்ட் ப்ராக்னியில். அதிலும் இறங்கி, அங்கிருக்கும் எந்திரக் கூடத்துக்குள் கூட்டிப் போனார்கள். செங்கல் கட்டடம், உள்ளே பளபளவென்று துடைத்து வைத்த இரும்பும் பித்தளையும். கதவுகளைத் தூக்கவும் கசிகிற தண்ணீரை ஈடுகட்டவும் அழுத்தத் தண்ணீர் தேவை. அதற்கும் வெளியிலிருந்து எந்தச் சக்தியும் வாங்கவில்லை. மேல் கால்வாயிலிருந்து கீழே விழுகிற தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிறது, டர்பைன் பம்பை ஓட்டுகிறது, பம்ப் அழுத்தத்தைச் சேமித்து வைக்கிற பெரிய உருளைக்குள் தண்ணீரை ஏற்றுகிறது. அப்பா பம்புக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று, ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொன்னார்: "இது கிராங்க், இது கிளாண்ட், இது ரிலீஃப் வால்வு." வழிகாட்டிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவர் விரல் போகிற இடத்தைப் பார்த்து அவளும் தலையாட்டினாள், கடைசியில் தடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவரை உள்ளே விட்டாள்.

சிலிண்டரைப் பற்றி அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அத்தனை அழுத்தத்தை வார்ப்பிரும்பு தாங்காது, வெடித்துவிடும் என்றார். அது உண்மைதான், நடந்தும் இருக்கிறது. ஆண்டர்டனில் 1882இல் சிலிண்டர் வெடித்து, தொட்டி படகோடு கீழே வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு இங்கே வார்ப்பிரும்புச் சிலிண்டரைச் சுற்றிலும் எஃகு வளையங்களை இறுக்கிப் போட்டார்கள். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்தது. "மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுற மாதிரி. அப்படின்னா தாங்கும்."

முதல் லிஃப்ட் 1888இல் வந்துவிட்டாலும் மற்ற மூன்றும் முடிய 1917 ஆகிவிட்டது. முதல் உலகப் போர், நாடு முழுக்க ஜெர்மன் ராணுவம். வேலையை முடிக்கச் சொன்னதே அந்த ராணுவம்தான், அவர்களுக்கும் கரி வேண்டியிருந்தது. முப்பது வருடம் ஆசையாகக் காத்திருந்த கால்வாயை அந்நிய ராணுவத்தின் கீழ் திறந்து பார்க்க வேண்டியிருந்த அந்த ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

உலகத்தில் இந்த மாதிரி நீரழுத்தத்தில் ஓடுகிற லிஃப்ட்டுகள் அந்தக் காலகட்டத்தில் மொத்தம் எட்டுதான் கட்டப்பட்டன. இங்கிலாந்தில் ஒன்று, பிரான்ஸில் ஃபோன்தினெத் என்ற இடத்தில் ஒன்று, கனடாவில் இரண்டு, இங்கே நான்கு. பிரான்ஸில் உள்ளது ஓடுவதில்லை. ஆண்டர்டனை 1908இல் மின்சார மோட்டாருக்கு மாற்றிவிட்டு, 2002இல்தான் மறுபடி நீரழுத்த முறைக்குக் கொண்டுவந்தார்கள். மூல எந்திரங்களோடு மூல நிலையிலேயே இருப்பவை இந்த நான்கும்தான் என்று சொல்லித்தான் 1998இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மூன்றாம் நாள், சனி

காலையில் மழை. பஸ் ஒன்றைத் தவறவிட்டு நாற்பது நிமிடம் நிறுத்தத்தில் நின்றோம். தியூ வந்து சேர்ந்தபோது பதினொன்றரை.

நான்காவது லிஃப்ட் இங்கேதான். மற்றவை போலவேதான் இருக்கிறது, ஆனால் இதன் பக்கத்தில் நின்றுகொண்டு தலையைத் திருப்பினால் வயல்களுக்கு அந்தப் பக்கம் பிரம்மாண்டமாக ஒரு கான்கிரீட் கட்டடம் தெரிகிறது. ஸ்ட்ரெப்பி-தியூ லிஃப்ட். பழைய நான்கு லிஃப்ட்டுகளும் இரண்டு லாக்குகளும் சேர்ந்து செய்த வேலையை இது ஒன்றே ஒரே மூச்சில் செய்கிறது: 73.15 மீட்டர். தரைக்கு மேல் நூறு மீட்டருக்கு மேல் உயரம்.

பழைய கால்வாயில் 300 டன் படகுதான் போகும், பின்னாளில் 350. ஐரோப்பாவின் மற்ற நீர்வழிகளில் 1,350 டன் படகுகள் ஓடத் தொடங்கியதும், இங்கேயும் அதே அளவுக்குக் கால்வாயை அகலப்படுத்த 1957இல் சட்டம் போட்டார்கள். பக்கத்திலேயே புதுக் கால்வாய் வெட்டி, 1982இல் இந்த லிஃப்ட்டைக் கட்டத் தொடங்கி, 2002இல் திறந்தார்கள். இருபது வருடம். அதற்குள் இந்த வட்டாரத்தில் கரியே முடிந்துபோயிருந்தது. கரிக்காகப் பிறந்த வழி, கரி போன பிறகு பெரிதானது. இதைப் பண விரயம் என்று சொன்னவர்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் 2001இல் சுமார் இரண்டரை லட்சம் டன்னாக இருந்த சரக்கு 2006இல் இருபத்துமூன்று லட்சம் டன்னைத் தொட்டது. அத்தனையும் சாலையில் லாரிகளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இந்த லிஃப்ட் மேல் கோபம் வரவில்லை.

மேலே பார்வையாளர் தளத்துக்குப் போனோம். எந்திரக் கூடத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இங்கே பிஸ்டன் கிடையாது, எல்லாம் கம்பிவடம். ஒரு தொட்டி 112 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், தண்ணீரோடு 7,200 முதல் 8,400 டன் வரை. அதைத் தாங்க 112 வடங்கள், இயக்க 32 வடங்கள், ஒவ்வொன்றும் 85 மில்லிமீட்டர் கனம், அதாவது என் மணிக்கட்டைவிடத் தடிமன். வடத்தின் மறுமுனையில் எதிர்ப்பாரம். சமன் செய்துவிட்டால் மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வை மீறுகிற வேலையும், கொஞ்சம் கூடக் குறைய இருக்கிற தண்ணீரின் கனமும்தான். ஒரு தொட்டிக்கு நான்கு மின்மோட்டார்கள். ஏழு நிமிடத்தில் மேலே.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சரக்குப் படகு வந்தது. பின்பக்கத்தில் வீட்டுப் பகுதி, ஜன்னலில் லேஸ் திரை, கூரை மேல் ஒரு சின்ன கார், துணி காயப்போட்ட கொடி. மழைக்கோட்டுப் போட்ட ஓர் அம்மா கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எழுபத்து மூன்று மீட்டர் உயரம் போகும்போது அவர் ஒரு தடவை கூட வெளியே வந்து பார்க்கவில்லை. தினசரி வேலை.

அப்பாவிடம் இரண்டில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். அவர் உடனே பழையதைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. "இதுல ஒரு நல்லது இருக்குது பாரு. ரெண்டு தொட்டியும் தனித்தனி. ஒண்ணு ரிப்பேர்னா இன்னொண்ணு ஓடும். அதுல ஒண்ணு நின்னா ரெண்டும் நின்னுரும், ஒண்ணோட உயிர் இன்னொண்ணுல இருக்குது" என்றார். பராமரிப்பு பார்த்தவருக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கரண்ட் போச்சுன்னா இது நின்னுரும்" என்றும் சொன்னார்.

நான் பழையதன் பக்கம்தான். அதை மறைக்கவில்லை. புதியதை நூறு வருடம் கழித்து யாரும் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள முடியாது, பழையதைப் பார்த்தால் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அரை நாளில் விளங்கிவிடும், நேற்று படகிலிருந்த பிள்ளைகளின் கேள்விகளிலேயே தெரிந்தது. அதனால் அதை ஓடவிட வேண்டும். எண்ணெய் போட்டு, கசிவை அடைக்கிற பேக்கிங்கை மாற்றி, வருடத்தில் சில மாதமாவது தொட்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பணம் ஆகும், ஆளும் வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேலி போட்டுப் பலகை வைப்பது சுலபம். அப்படி வைத்துவிட்டால் பத்து வருடத்தில் அது வெறும் துருப்பிடித்த சட்டம்தான்.

திரும்பும் வழியில் சார்த் கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே நின்றோம். புதுக் கால்வாய் ஊருக்கு மேலே பாலத்தில் போகிறது, 498 மீட்டர் நீளம், கீழே வட்டச் சாலையில் கார்கள் சுற்றுகின்றன. தலைக்கு மேல் ஒரு படகு போனது, அதன் சத்தம் மட்டும் கேட்டது.

நான்காம் நாள், ஞாயிறு

கடைசி நாளை புவா-து-லூக்குக்கு என்று வைத்திருந்தோம். கால்வாய் எதைச் சுமந்ததோ அது வெளியே வந்த இடத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா. 1685இல் தொடங்கிய சுரங்க நிறுவனம், 1973இல் மூடப்பட்டது. பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசுகிற பகுதியான வாலோனியாவின் மற்ற மூன்று சுரங்கங்களோடு சேர்த்து 2012இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது.

சுரங்கத்துக்கு எதிரிலேயே தொழிலாளர் குடியிருப்பு. 1838 முதல் 1853 வரை கட்டிய 166 வீடுகள், நான்கு தொகுதிகளாக, இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வெள்ளையடித்த ஒரே மாதிரி முகப்புகள், பின்னால் தோட்டம். பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், தேவாலயம், பாண்டு வாசிக்கிற மண்டபம், எல்லாம் கம்பெனி கட்டியது. முதலில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா ஒரு வீட்டு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், சுரங்கத்துக்கு எத்தனை அடி என்று கணக்குப் போடுகிற மாதிரி. "வேலை போனா வீடும் போயிரும். புள்ளைங்க பள்ளிக்கூடமும் போயிரும். அப்புறம் யாரு வாயத் தொறப்பாங்க?" என்றார். சுரங்க வளாகத்தின் வாசலில் மேலிருந்து இறங்குகிற கனமான இரும்புக் கதவுகளைக் காட்டினார்கள். வேலைநிறுத்தம் கலவரமானால் தொழிலாளர் உள்ளே புகாமல் அடைப்பதற்காக வைத்ததாம். முந்தாநாள் லிஃப்ட்டில் பார்த்த கதவுகளும் மேலிருந்து கீழே இறங்குகிறவைதான்.

உள்ளே ஒரு சுவரில் இத்தாலியர்களின் புகைப்படங்கள். ஷார்லெருவாவுக்குப் பக்கத்தில் மார்சினெல் சுரங்கத்தில் 1956 ஆகஸ்ட் 8ஆம் தேதி நடந்த தீவிபத்தில் 262 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர்கள். அதன் பிறகுதான் இத்தாலி இங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கரிக்கு மனிதர் என்ற அந்தக் கணக்கு பத்து வருடம் ஓடியிருக்கிறது. இத்தனை நாளாக இந்தக் கால்வாயில் போன டன் கணக்கையே நான் எழுதிக்கொண்டு வந்தேன். அதைக் கீழேயிருந்து வெட்டி மேலே அனுப்பியவர்களின் முகங்களைக் கடைசி நாளில்தான் பார்த்தேன், இந்த வழியாக வருகிறவர்கள் முதல் நாளே இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மதியம் ஊர்ச் சதுக்கத்தில் ஃபிரைஸ் வாங்கிச் சாப்பிட்டோம், ஐந்து மணி ரயில் பிடித்தோம். இங்கே ஆறு மணி என்றால் கோவையில் ஒன்பதரை. அப்பா தன்னோடு பக்கத்து லேத்தில் வேலை பார்த்த நண்பருக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். படகு, தொட்டி, தூண், வளையம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கடைசியில் அந்தப் பக்கமிருந்து அவர் சத்தமாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

"அது சரிங்க, மோட்டார் எத்தன ஹெச்பி?"

"மோட்டாரே இல்லீங்க" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து அந்தப் படகு டிக்கெட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் சொல்றேன், எழுதிக்குங்க. நாப்பத்தி மூணு, அஞ்சு புள்ளி எட்டு..."